வந்தான், வந்தாள், வந்நு

ஏழு வயதில் மணி கொல்லைப் பலாமரத்தில் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் கிளையிலேயே உட்கார்ந்து அழுதானா, அழுதாளா?

இந்த ஒரு வாக்கியத்தில் பதினோரு நாள் நின்றுவிட்டேன். நோட்டில் "மணி கிளையில் உட்கார்ந்து அழு" என்பதோடு எழுத்து நிற்கிறது. அதற்குமேல் கை ஓடவில்லை.

மணி என் கதையின் ஆள். இருபத்துநாலு வயது. குளத்தூப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். பிறந்தபோது பெண் என்று வைத்த பெயர் மணிமேகலை, வாழ்வது ஆணாக. திருநம்பி. நானோ பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்றவள். மணியின் உடம்புக்குள் இருந்த குழப்பம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அப்படியிருக்க, மணியை எழுத உட்கார்ந்ததும் முதலில் வழியை மறித்தது உடம்பு இல்லை, காதல் இல்லை. வினைமுற்று!

நான் பிறந்தது செங்கோட்டை. வாழ்க்கைப்பட்டது கேரளத்து ஆரியங்காவு. நடுவில் ஒரு மலை, ஒரு செக்போஸ்ட். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் இந்தப் பக்கத்தோடுதான் சேர்ந்து இருந்தது. எங்கள் தாத்தாவின் பழைய பத்திரங்களில் மலையாள எழுத்து இருக்கும், வீட்டில் பேசுவது தமிழ். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவில் வேலை. காலை பத்து மணிக்கு கவுண்டரில் உட்கார்ந்தால் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் என்று சாயங்காலம் வரை இரண்டு மொழியும் மாறி மாறி ஓடும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பது இங்கே சாதாரணம்.

அதனால்தான் அந்த வித்தியாசம் எனக்கு இவ்வளவு உறைத்தது. மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு. யார் வந்தாலும் வினை ஒன்றுதான். பழைய மலையாளத்தில் தமிழைப் போலவே விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. தமிழில் உதிரவில்லை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஒருவர் படியேறி வந்தார் என்று சொல்லக்கூட, அவர் ஆணா பெண்ணா பெரியவரா என்று முதலில் முடிவு கட்டியாக வேண்டும். மலையாளத்தில் எழுதுகிறவர் "மணி கரஞ்ஞு" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். எனக்கு அங்கேயே இரவு பதினோரு மணி ஆகிவிடும்.

2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் ஒரு திருநம்பி குழந்தை பெற்ற செய்தி வந்தது. அன்று எங்கள் மையத்தில் இதே பேச்சுதான். மலையாளத்தில் பேசியவர்கள் "பிரசவிச்சு" என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். தமிழில் பேசிய இரண்டு பேர் மட்டும் "பெத்துக்கிட்டா... இல்ல, பெத்துக்கிட்டான்..." என்று தடுமாறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் "குழந்தை பிறந்துச்சாம்" என்று முடித்தார்கள். குழந்தையை எழுவாயாக்கியதும் சிக்கல் தீர்ந்தது. அந்தக் கணத்தை மறக்க முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தை, தாய் என்று பிரிக்காமல் பெற்றோர் என்று மட்டும் போட்டுத் தரும்படி அந்தத் தம்பதி நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அப்படியே கொடுக்கச் சொன்னது. தமிழில் அந்தச் சொல் எப்போதோ தயாராக இருக்கிறது. பெற்றோர், அதாவது பெற்றவர்கள். அதில் ஆண், பெண் எதுவும் இல்லை. பெயர்ச்சொல்லில் இவ்வளவு தாராளமாக இருக்கும் மொழிதான் வினையில் இவ்வளவு கறாராக இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணி என் கவுண்டருக்கு வந்த யாரும் இல்லை. திருநர் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஓரிருவர் வந்திருக்கிறார்கள். 2019 சட்டத்தின்படி கலெக்டர் கொடுக்கும் சான்றிதழ் அது. பழைய பெயர், புதிய பெயர், பழைய போட்டோ, புதிய போட்டோ எல்லாம் என் கையால் ஸ்கேன் ஆகிப் போயிருக்கின்றன. எழுதுகிறவளுக்கு அது பெரிய சபலம், மறைக்கவில்லை. ஆனால் என்னை நம்பிக் கொடுத்த காகிதத்திலிருந்து ஒரு வரி எடுத்தாலும் அது திருட்டு. ஆகவே மணியை முழுக்க நானே உண்டாக்க வேண்டியிருந்தது. ஊர், குடும்பம், தொழில் எல்லாம்.

ஊருக்குக் குளத்தூப்புழையை எடுத்துக்கொண்டேன். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக, 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ரப்பர் தோட்ட நிறுவனம் உண்டானது. அங்கே வேலைக்கு அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள். மணியின் பாட்டி கண்டியில் தேயிலை கிள்ளியவள். பேரன் ரப்பர் வெட்டுகிறான்.

முதல் வரைவு முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. வினைமுற்றுச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். தமிழில் இல்லை என்று முடியும் எதிர்மறை வினைக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை. பிடிக்கும், தெரியும், வேண்டும் இவற்றுக்கும் கிடையாது. வினையெச்சம், பெயரெச்சத்துக்கும் கிடையாது. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மணியின் குழந்தைப் பருவத்தை நான்கு பக்கம் ஓட்டினேன். "மணிக்குப் பலாப்பழம் பிடிக்கும். ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. கீழே நின்ற அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை." இப்படி. எழுதி முடித்தபோது பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்குச் சந்தோஷம்.

புனலூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். திருநம்பி. என்ன வேலை, எந்தத் தெரு என்பதை எழுதப் போவதில்லை. அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது. அவரிடம் படிக்கக் கொடுக்க எனக்குப் பல வாரம் தயக்கம். என் கதையைத் திருத்திக் கொடுப்பது அவர் வேலையா என்ன? தைரியம் கொடுத்தது, நான் முன்பு எப்போதோ படித்த ஒரு செய்திதான். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்ட வழக்கு. அதை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துதான் ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நான் கேட்பதற்கு என்ன!

தம்பி கொல்லம் - செங்கோட்டை ரயிலில் வாரம் இரண்டு தடவை போய்வருகிறவர். எடமண் தாண்டியதும் படிக்கத் தொடங்கியிருக்கிறார். ஆரியங்காவில் இறங்கும்போது முடித்துவிட்டார். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காகிதக் கட்டை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கேட்டார்.

"எக்கா, இவன் எப்ப பால் வெட்டுவான்?"

எனக்குப் புரியவில்லை.

"முப்பத்தெட்டுப் பக்கத்துல இவன் கண்ணாடி முன்னாடி மூணு தரம் நிக்கான். குளிக்க ரெண்டு தரம் போறான். மாரைத் துணி வச்சுக் கட்டுறது மட்டும் ரெண்டு பக்கம். ரப்பர் தோட்டத்துல வேலைன்னு எழுதியிருக்கீங்க. ஒரு மரத்துக்கிட்டகூட அவன் போகலியே."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. மணியைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் அவன் திருநம்பி என்பதை மட்டும்தான். காலையில் என்ன சாப்பிடுவான், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், கையில் எந்த இடத்தில் காய்ப்பு காய்த்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் மற்றக் கதைகளில் வரும் மனிதர்களுக்கு இதையெல்லாம் நான் கேட்காமல் விட்டதே இல்லை.

அப்புறம் முடிவுக்கு வந்தார். கதையின் முடிவில் மணி கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலத்திலிருந்து குதிப்பதாக எழுதியிருந்தேன்.

"இப்பதான் எக்கா அந்தப் பாலத்து மேல ரயில்ல வந்தேன். அந்த நேரத்துலதான் இந்தப் பக்கத்தைப் படிச்சேன்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். இரக்கத்தால் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேரை இப்படிக் கொன்றிருக்கிறோம் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

தலைப்பையும் அவர்தான் மாற்றச் சொன்னார். "பால் வெட்டு" என்று வைத்திருந்தேன். ரப்பர் பால், ஆண்பால் பெண்பால், இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறதே என்று நான் மகிழ்ந்துபோய் வைத்தது. "எங்களைப் பாத்தா எல்லாரும் முதல்ல கேக்கிறது ஆபரேஷன் ஆச்சான்னுதான். நீங்க அதை அட்டையிலேயே போடுறீங்க" என்றார். எனக்கு அந்த அர்த்தம் தோன்றவே இல்லை. அவருக்கு அது மட்டும்தான் தோன்றியிருக்கிறது. அன்றே எடுத்துவிட்டேன்.

சரி, மணியை வேலைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எனக்கு வேலை தெரிய வேண்டும். குளத்தூப்புழையில் தெரிந்த ஓர் அக்கா இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறாள். இரண்டு நாள் அவளோடு போனேன்.

விடியற்காலை நாலரை மணி. நெற்றியில் கட்டிய விளக்கு. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், ஏறிய பிறகு சீக்கிரம் நின்றுவிடும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 300 மரம். மரத்துக்கிட்டே போனதும் முதலில், முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நூல் மாதிரி இழுத்து இடுப்புக்கூடையில் போடுகிறாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு கத்தியின் வளைந்த நுனியைக் கோட்டின் இடது மேல்மூலையில் வைத்து, மரத்தைச் சுற்றி நடந்தபடியே வலது பக்கம் தாழ இழுத்துக்கொண்டு வருகிறாள். காகித கனத்துக்குப் பட்டை சுருண்டு விழுகிறது. கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உள்மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டு தட்டிவிடும். பிறகு அங்கே வெட்ட முடியாது. கோடு முழுக்க வெள்ளை முத்துக்கள் ஒரே நேரத்தில் அரும்பும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சாய்வில் வழிந்து, தகரத் துண்டு வழியாகச் சிரட்டையில் சொட்டும். அவள் அதற்குள் அடுத்த மரத்தில் இருக்கிறாள். ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நொடிதான்.

என் கையில் கத்தியைக் கொடுத்தாள். முதல் இழுப்பிலேயே மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கையில் ஒட்டியிருந்த மண்ணை எடுத்து அந்த இடத்தில் பூசினாள்.

அந்த இருட்டில்தான் மணி எனக்குக் கிடைத்தான். சுற்றிலும் ஆள் இல்லை. விளக்கு வெளிச்சம் மரத்தின் மேல் மட்டும்தான் விழுகிறது, ஆள் மேல் விழுவதில்லை. தவளைச் சத்தம், கத்தி பட்டையில் உரசும் சத்தம். அந்த இரண்டு மணி நேரம் மணியை யாரும் பார்ப்பதில்லை, அவனும் தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை. கையும் கத்தியும் மரமும் மட்டும். கண்ணாடிக் காட்சி மூன்றையும் அடித்துவிட்டு, கதையை அந்த நாலரை மணியிலிருந்து தொடங்கினேன். துணி கட்டுவது இரண்டு பக்கத்திலிருந்து ஒரு வரியாகச் சுருங்கியது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறும்போது வேர்த்து, கட்டின இடத்தில் அரிக்கிறது, இரண்டு கையும் வாளியில், சொறிய முடியவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத் தம்பி "ஆங், இதுதான்" என்றார்.

சவரா கொட்டன்குளங்கரைக் கோயிலில் மீன மாதம் பத்து, பதினொன்றில் ஆண்கள் சேலை கட்டி விளக்கெடுப்பார்கள், அங்கே போனால் உனக்கு நிறையக் கிடைக்கும் என்று சிநேகிதி ஒருத்தி சொன்னாள். போனேன், அழகான திருவிழா. ஆனால் அங்கே பெரும்பாலும் வேண்டுதலுக்காக ஓர் இரவு சேலை கட்டும் ஆண்கள். மணிக்கு அங்கே வேலை இல்லை.

இனி நான் செய்த பெரிய தவறு. தம்பிக்கும் அதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும், மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் சடங்கு சுற்றினார்கள். அதுவரை அப்பா என்னை "வாடா", "என்னடா" என்றுதான் கூப்பிடுவார். பெண்பிள்ளையைச் செல்லமாக "டா" போடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே! சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து அந்த "டா" நின்றுவிட்டது. அப்பா யோசித்து நிறுத்தினாரா, தானாக நின்றதா தெரியாது. மரம் ஏறுவதும் நின்றது, கண்ணுப்புளிமெட்டுக் கால்வாயில் குளிப்பதும் நின்றது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து மணிக்குக் கொடுத்திருந்தேன். மணியின் அப்பாவும் "டா" சொல்வதை நிறுத்துகிறார், மணிக்கு எல்லாம் அடைபடுகிறது, அதனால் மணி ஆணாக வாழ முடிவெடுக்கிறான். எனக்கு அந்த இடம் மிகப் பிடித்திருந்தது. அழுதுகொண்டே எழுதிய பக்கம்.

"எக்கா, அது நீங்க. மணி இல்ல" என்றார் தம்பி. "உங்களுக்கு மரம் ஏற விடலன்னு கோபம். விட்டிருந்தா பொம்பளையாவே ஏறியிருப்பீங்க. எங்க வீட்டுல என்னை யாரும் எதையும் தடுக்கல. சைக்கிள் ஓட்டினேன், கபடி விளையாடினேன், சட்டை போட்டேன். எல்லாம் இருந்துச்சு. சடங்குல பட்டுச்சேலை கட்டி உக்கார வச்சாங்க. பாத்தவங்க எல்லாரும் எவ்வளவு அழகா இருக்கான்னு சொன்னாங்க. நான் யாரைச் சொல்றாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது.

பெண்ணாக இருப்பதன் கஷ்டத்தை நான் நன்றாக அறிவேன். அந்த அறிவுதான் இங்கே என்னைக் கெடுத்தது. ஒரு திருநம்பியை, சுதந்திரம் கிடைக்காமல் ஆண் உடை போட்டுக்கொண்ட பெண்ணாக்கி வைத்திருந்தேன். மணி என்று பெயர் போட்டு என்னையே முப்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவன் ஆண் என்பதை அந்தக் கதை எழுதியவளே நம்பவில்லை. வினைமுற்று பதினோரு நாள் என்னை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இலக்கணம் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது.

அந்த நான்கு பக்கச் சாமர்த்தியத்தைப் பற்றியும் கேட்டேன். பால் காட்டாத வினைகளை மட்டும் வைத்து எழுதியதை.

"யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டே பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

மரியாதையாக "அவர்" என்று போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நேரில் தெரிந்த இந்தத் தம்பியை இங்கே அவர் என்றுதான் எழுதுகிறேன், செய்தித்தாளில் எழுதினாலும் அதுதான் முறை. கதைக்குள் கணக்கு வேறு. மணியோடு வேலை செய்யும் அவன் வயதுப் பையன்கள் எல்லோரும் என் கதையில் "அவன்". ஜீப் டிரைவர் அவன், டீக்கடைப் பையன் அவன். மணி மட்டும் "அவர்" என்றால், பந்தியில் ஒருவனை மட்டும் தனி இலை போட்டு ஓரத்தில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

தபாலில் எம்.ஏ. படித்தபோது வாங்கிய நன்னூல் உரை ஒன்று வீட்டில் கிடக்கிறது. ஏதோ ஒரு ராத்திரி அதைப் புரட்டினேன். பாடத்துக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன சூத்திரம் கண்ணில் பட்டது. "பெண்மை விட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால்." பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால். ஏறக்குறைய 800 வருஷத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் எழுதி வைத்துவிட்டார். "பேடு" என்ற சொல்லை இன்று யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் முடிவு? ஆண்பால். எந்த விகுதி என்று நான் பதினோரு நாள் தேடியது பரீட்சைக்குப் படித்த புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

அந்தச் சூத்திரத்தின் மூன்றாவது அடியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்மையை விட்டவர், ஆண்மையை விட்டவர் என இரு வகையினரும் அஃறிணை போலவும் வருவர் என்கிறது அது. எங்கள் பக்கம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை "அது தூங்குது" என்போம், அதில் அன்பு இருக்கிறது. வளர்ந்த ஒரு திருநங்கையையோ திருநம்பியையோ பார்த்து பஸ்ஸில் "அது இறங்கிட்டுதா" என்று கேட்கும்போது அதே "அது" கல்லாக விழுகிறது. நான் கேட்டிருக்கிறேன், பலமுறை. தம்பி என் பக்கத்து சீட்டில் இருந்தபோதும் ஒருமுறை.

ஆகவே முடிவு செய்தேன். கதை சொல்லும் குரலில் மணி முதல் வரியிலிருந்து அவன். ஏழு வயதிலும் அவன். பலாமரக் கிளையில் உட்கார்ந்து அழுதான். சடங்குப் பட்டுச்சேலைக்குள்ளும் அவன்தான் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் பேச்சில் என்ன வேண்டுமானாலும் வரட்டும். அத்தை "அவ" என்பாள், கங்காணி "அது" என்பான், அவரவர் வாயில் அவரவர் இருப்பது வரும். சொல்கிற குரல் மட்டும் தடுமாறக் கூடாது. எழுதிப் பார்த்தபோது அந்தச் சடங்குக் காட்சி எனக்கே வேறு மாதிரி தெரிந்தது. பட்டுச்சேலையும் மாலையுமாக ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், ஊரே சுற்றி நின்று சிரிக்கிறது, அவன் யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கடைசி வார்த்தைகளை எடுத்துக்கொள்ளத் தம்பியிடம் கேட்டு வாங்கினேன்.

மணியைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவளுக்கு மணி மேல் பரிதாபம் மட்டும்தான் இருந்தது. "அவளுக்கு ஆசையே கிடையாதா?" என்று தம்பி கேட்டபோது வெட்கமாகிவிட்டது. ஓர் ஆண்மகனின் முன்னங்கையைப் பார்த்து மனசு தடுமாறுவது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரிந்த அந்த ஒன்றை எழுதாமல், தெரியாத மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறேன். இப்போது அவள் மணி கத்தி தீட்டுவதைத் திண்ணையிலிருந்து பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மிச்சம் இருந்தது மணியின் அம்மா. அவளை எனக்கு எழுத வரவில்லை. மகனை ஏற்றுக்கொள்ளாத கொடுமைக்காரியும் இல்லை, கட்டிப்பிடித்து "என் மகனே" என்று அழும் சினிமா அம்மாவும் இல்லை. ஆதாரில் மணிகண்டன் என்று பெயர் மாற்ற அவன் கிளம்பும்போது, ஆரியங்காவு ஐயப்பன் பெயர்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுப்பவள். ஆனால் அவள் வாயில் என்ன வினைமுற்று வரும்? அவள் என்றால் மகன் நோவான். அவன் என்றால் அவளுக்கு நாக்கு எழவில்லை.

தம்பியிடம் கேட்டேன், உங்கள் அம்மா எப்படிச் சொல்வார்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"எங்க அம்மா... சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க. வந்தாச்சு, போயாச்சு, தூங்கியாச்சு. போன்ல அத்தைகிட்ட பேசும்போது, இன்னும் வரல, இன்னும் சாப்பிடல. இப்படித்தான் எக்கா. ஒம்பது வருஷமா. நான் இதை இப்பதான் கவனிக்கிறேன்."

வந்தாச்சு. அதில் பால் இல்லை. இன்னும் வரல. அதிலும் இல்லை. புத்தகம் பார்த்துப் பார்த்து நான் நான்கு பக்கம் செய்த வேலையை, பள்ளிக்கூடம் போகாத ஓர் அம்மா ஒன்பது வருஷமாக நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள். நான் செய்தது ஒளிந்துகொள்வது. அவள் செய்வது, பிள்ளைக்கு நோகாமல் தனக்குத் தெரிந்த வழியில் நடப்பது.

அதை அப்படியே மணியின் அம்மாவுக்குக் கொடுத்தேன். கதையில் அவள் பேசும் எந்த வரியிலும் ஆன் விகுதியும் இல்லை, ஆள் விகுதியும் இல்லை. படிக்கிறவர்கள் கவனிப்பார்களா தெரியாது, கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தில் அவளை "என் மகன் வந்துட்டான்" என்று சொல்ல வைக்கலாமா என்று ஆசை வந்தது. எழுதியும் பார்த்தேன். தம்பி வேண்டாம் என்றார்.

"எங்க அம்மா இன்னும் வந்தாச்சுலதான் இருக்காங்க. அதுல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. அப்படியே இருக்கட்டும்."

இப்போது கதை இப்படி முடிகிறது. ஆனி மாத மழை. மரங்களுக்கெல்லாம் மழை படாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள். மணி பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடிவருகிறான். உள்ளே அம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்காமலேயே அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை இறக்கி வைத்தபடி போனில் சொல்கிறாள்.

"இந்தா, வந்தாச்சு. வைக்கட்டா?"